நீரைப் பிரிக்கும் சூரிய கிரணமும் அதற்கேற்ற பொருள்களும்

வயலுக்கு இடும் யூரியாவில் பயிருக்கு உணவாவது நைட்ரஜன் என்னும் தழைச்சத்தே என்பதை மிராசுதார்கள் யாவரும் அறிவர். அந்த நைட்ரஜனோ ஆகாயத்தில் விலையின்றிக் கிடைப்பது. காற்றில் 100-க்கு 78 பங்கு அதுவே. ஆகையால் உர மூட்டையின் அடக்க விலையை ஏற்றுவதும் இறக்குவதும் நைட்ரஜன் அன்று. அதனோடு கூடி அம்மோனியாவாவதற்கு வேண்டிய ஹைட்ரஜன் என்னும் ஜலவாயுவே ஆகும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குள் இருக்கும் தழைச்சத்து ஏறத்தாழ 20.7 கிலோ. அதை அம்மோனியாவாக ஆக்குவதற்கு நாலரைக் கிலோ ஹைட்ரஜன் செலவாகிறது. இந்த நாலரைக் கிலோவும் சுமார் 40 லிட்டர் தண்ணீருக்குள், அதாவது மூன்று குடம் நீருக்குள் அடங்கியிருப்பதேயாகும்.

அடங்கியிருப்பது உண்மையாயினும் அதை வெளியே எடுப்பது எளிதன்று. ஹைட்ரஜன் பிராணவாயுவோடு கூடி எரிந்தால் எஞ்சுவது தண்ணீர். எனவே தண்ணீர் என்பது ஒருவகையில் எரிந்து முடிந்த பண்டம்; அடுப்புச் சாம்பலை ஒத்தது. சாம்பலைத் திரும்ப விறகாக்க வேண்டுமானால் விறகு எரிந்தபோது வெளிப்பட்ட சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தண்ணீரின் விஷயமும் அவ்வாறே. அந்தச் சக்தியை எங்கிருந்து பெறுவது என்பதுதான் உரத்தொழிலின் நெடுநாளைய பிரச்சினை.

இந்நாட்டின் உரத்தொழிற்சாலைகள் ஹைட்ரஜனுக்காக எதையெதை நாடின என்பதைக் கவனித்தால் இது விளங்கும். 1947-ம் வருஷத்தில் ஆலுவாய்க்கு அருகில் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை காட்டு விறகை வாயுவாக்கி அதனின்று ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியம் ஸல்பேட் செய்தது. 1951-ல் சிந்திரி நிலக்கரியை நாடிற்று. 1966-ல் நெய்வேலி தன் பழுப்பு நிலக்கரியிலிருந்தே யூரியா செய்தது. 1971-ல் மணலியில் எழுந்த ஆலை நாப்தா என்னும் பெட்ரோலியச் சரக்கைக் கொண்டு வேலை தொடங்கிப் பின்னர் இயற்கை வாயுவுக்கு மாறிற்று. இன்று இந்நாட்டு யூரியாவுக்கு ஆதாரம் பெரும்பாலும் இயற்கை வாயுவே. அதில் கணிசமான பகுதி கப்பலேறி வருகிறது. 2022-ம் வருஷத்தில் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது வாயு விலையோடு உலகச் சந்தையில் உர விலையும் சேர்ந்து ஏறியதற்குக் காரணம் இதுவே.

இவற்றுள் தனித்து நிற்பது பஞ்சாபிலுள்ள நங்கல் தொழிற்சாலை. 1961-ல் தொடங்கிய அவ்வாலை, பக்ரா அணைக்கட்டின் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரித்துக் கால்ஸியம் அம்மோனியம் நைட்ரேட் என்னும் உரம் செய்தது. பின்னர் அது எண்ணெய்க்கும், அதன்பின் வாயுவுக்கும் மாறிவிட்டது. ஆயினும் தண்ணீரிலிருந்து உரம் என்பது வெறும் வாய்ப்பேச்சன்று, இந்நாட்டு வயல்களில் மூட்டை மூட்டையாக இறைபட்ட சரக்கு என்பதற்கு நங்கல் சாட்சியாக நிற்கிறது. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்பதை 1800-ம் வருஷத்திலேயே நிக்கல்ஸன், கார்லைல் என்ற இரு ஆங்கிலேயர் செய்து காட்டிவிட்டனர்.

அணையும் வேண்டாம், மின்கம்பியும் வேண்டாம். தண்ணீருக்குள் ஒரு பொருளை வைத்து அதன்மேல் வெயில் படச்செய்தால் அதுவே நீரைப் பிரிக்குமா என்பதுதான் கடந்த ஐம்பது வருஷங்களாக விஞ்ஞானிகள் கேட்டுவரும் கேள்வி. பிரிக்கும் என்று விடை கிடைத்துவிட்டது. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றுக்கே விடை இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

டோக்கியோவில் கண்டது

1967-ல் டோக்கியோ சர்வகலாசாலையில் மாணாக்கராயிருந்த அகிரா பூஜிஷிமா, தம் ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவின் மேற்பார்வையில், டைட்டேனியம் டையாக்ஸைடு என்னும் பொருளின் பளிங்கு ஒன்றை நீரில் அமிழ்த்தி அதன்மேல் கடுமையான ஒளியைப் பாய்ச்சினார். பளிங்கின் மேல் சிறு குமிழிகள் எழுந்தன; அவை பிராணவாயு. கம்பியால் இணைக்கப்பட்டிருந்த பிளாட்டினத் தகட்டில் ஹைட்ரஜன் எழுந்தது. பளிங்கு கரையவில்லை, தேயவுமில்லை. 1972-ல் இருவரும் இதை நேச்சர் என்னும் பத்திரிகையில் வெளியிட்டனர். அடுத்த வருஷமே உலகில் எண்ணெய் நெருக்கடி தோன்றியதால் இந்தக் கண்டுபிடிப்பைப் பல தேசத்தாரும் ஆவலோடு பற்றிக்கொண்டனர்.

அப்பொருள் அபூர்வமானது அன்று. வீட்டுச் சுவர்களுக்கும் கதவுகளுக்கும் பூசும் வெள்ளை வர்ணத்துக்கு வெண்மை தருவது அதுவே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வாரியெடுக்கப்படும் இல்மனைட் என்ற கறுப்பு மணல் அதன் மூலப் பொருள்களில் ஒன்று. மலிவானது, விஷமற்றது, வெயிலிலும் நீரிலும் கெடாதது. இவ்வளவு குணங்களிருந்தும் அது ஏன் ஐம்பது வருஷத்தில் உரத்தொழிற்சாலை வாயிலை எட்டவில்லை என்பதை அறிய, இவ்வகைப் பொருள்கள் வேலை செய்யும் விதத்தைச் சிறிது தெரிந்துகொள்வது அவசியம்.

குறைகடத்திகள் வேலை செய்யும் விதம்

செம்பு மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்துகிறது. கண்ணாடியும் அப்பிரகமும் கடத்துவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொருள்களைக் குறைகடத்திகள் என்பர். சூரியப் பலகைகளில் உள்ள ஸிலிக்கன் அத்தகையது. அப்பொருள்களில் எலக்ட்ரான் என்னும் மின்துகள்கள் சாதாரணமாகக் கீழ்மட்டத்தில் அடங்கிக் கிடக்கின்றன. ஒளி பட்டால் அவை மேல்மட்டத்துக்கு எழும்புகின்றன. எழும்பிய இடத்தில் ஒரு குழி விழுகிறது. எழும்பிய எலக்ட்ரான் தண்ணீரைச் சேர்ந்தால் ஹைட்ரஜன் உண்டாகும். குழியானது தண்ணீரிலிருந்து ஓர் எலக்ட்ரானை இழுத்துத் தன்னை நிரப்பிக்கொண்டால் பிராணவாயு உண்டாகும். இரண்டும் தண்ணீரைச் சேராமல் தமக்குள்ளேயே மறுபடி கலந்துவிட்டால் வெறும் சூடுதான் மிச்சம்.

கவலை ஏற்றம் இறைத்துப் பழகியவர்களுக்கு இதை உதாரணத்தால் விளக்குவது எளிது. சால், வாய்க்காலின் விளிம்புக்கு மேல் வந்தாலன்றி ஒரு சொட்டும் வயலுக்குப் பாயாது. பாதிக் கிணறு வரை ஆயிரம் முறை இழுத்தாலும் இழுத்தது வீணே. ஒளியும் அவ்வாறே சிறு சிறு இழுப்புகளாக வருகிறது. சிவப்பொளியின் இழுப்பு சிறியது, நீலத்தினுடையது பெரியது, கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கிரணத்தினுடையது அதனினும் பெரியது. இதை அளக்கும் அளவுக்கு எலக்ட்ரான் வோல்ட் என்று பெயர். சிவப்பு சுமார் 1.8, ஊதா சுமார் 3.1. தண்ணீரைப் பிரிக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் 1.23. வழியில் நேரும் சேதத்தையும் கூட்டினால் காரியத்தில் அதற்கு மேலேயே தேவைப்படுகிறது.

ஒவ்வொரு குறைகடத்திக்கும் கீழ்மட்டத்துக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதனினும் சிறிய இழுப்பை அது ஏற்பதில்லை. ஒளி ஊடுருவிப் போய்விடும். டைட்டேனியம் டையாக்ஸைடின் இடைவெளி 3-க்கு மேல். ஆகவே அது ஊதாக் கடந்த கிரணத்தை மட்டுமே பிடிக்கிறது. பூமியில் விழும் வெயிலில் அந்தக் கிரணம் 100-க்கு 5 பங்குக்கு மேற்படாது. 100 மூட்டை நெல் களத்தில் கிடக்க, 95 மூட்டையைத் தொடாமலே விட்டு 5 மூட்டையைக் குத்துகிற உரலைப் போன்றது இது. அன்றியும், ஹோண்டா, பூஜிஷிமாவின் பளிங்கு சிறிதளவு வெளித்துணையின்றி ஹைட்ரஜனை நன்கு வெளிப்படுத்துவதில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

ஒரு பொருளின் குணம் மற்றொன்றில் இல்லை

இடைவெளி குறுகிய பொருளைக் கொண்டால் வெயிலில் பெரும்பகுதியைப் பிடிக்கலாம் அன்றோ என்று தோன்றும். ஸிலிக்கனின் இடைவெளி 1.1, ஏறக்குறைய ஒளி முழுவதையும் விழுங்குகிறது. ஆனால் 1.1 என்பது 1.23-ஐ எட்டாது, சால் விளிம்புக்கு வருவதில்லை. மேலும் அதை நீரில் வைத்து வேலை வாங்கினால் அதன் மேற்பரப்பு பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு மணலின் தன்மையை அடைந்து செயலற்றுப் போகிறது.

காட்மியம் ஸல்பைடு என்னும் மஞ்சள் பொருளின் இடைவெளி 2.4. உயரமும் போதும், ஒளியும் ஓரளவு பிடிபடும். அதன் குற்றம் வேறு. தண்ணீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்க வேண்டிய குழி, தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுகிறது; பொருள் தானே கரைகிறது. கரையும் காட்மியம் விஷம். நெற்பயிர் அதை வேர் வழியாக ஏற்று அரிசியில் சேர்க்கும் இயல்புடையது. எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும் விளைநிலங்களின் அருகே பரப்பத்தக்க பொருள் இது அன்று என்பதில் சந்தேகமில்லை.

இரும்புத் துருவின் கதை விவசாயிகளுக்குச் சுவையானது. செம்மண் நிலத்துக்குச் செம்மை தருவது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடு. அதுவும் ஒரு குறைகடத்தியே; இடைவெளி 2.1. கொழுவிலும் மண்வெட்டியிலும் இரும்பு துருப்பிடித்துக் கெடுவதைக் காண்கிறோம். ஹேமடைட்டோ துருவே ஆதலால் மேலும் துருப்பிடிப்பதற்கில்லை. கார நீரில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் பெரும்பாலும் கெடாது. விலையோ மண்ணின் விலை. ஆனால் இரண்டு குறைகள் அதைத் தடுக்கின்றன. ஒளி எழுப்பும் குழிகள் அதற்குள் மிகக் குறுகிய தூரமே, ஒரு மில்லிமீட்டரை லக்ஷக்கணக்கான கூறாக்கினால் ஒரு கூறு என்னும் அளவே, பயணம் செய்து அழிந்துவிடுகின்றன. மேற்பரப்பை ஒட்டி எழுந்தவை மட்டுமே தண்ணீரைச் சேர்கின்றன. இரண்டாவது, அதன் மேல்மட்டம் தாழ்ந்திருக்கிறது. ஏணி எவ்வளவு நீளமாயினும் பள்ளத்தில் நிறுத்தினால் பரணை எட்டாது அல்லவா? ஹேமடைட் பிராணவாயுவை எழுப்பும். ஹைட்ரஜனை எழுப்ப மற்றொன்றின் துணை வேண்டும்.

பிஸ்மத் வனடேட் என்னும் மஞ்சள் பொருளும் அதே வகையைச் சேர்ந்தது. இதன் இடைவெளி 2.4. ஆராய்ச்சிச்சாலைகளில் இப்போது மிகுதியாகக் கையாளப்படும் பொருள்களில் அது ஒன்று. குற்றம் குறையின்றி வேலை செய்தாலும் அது வெயிலில் 100-க்கு 9 பங்குக்குச் சற்று மேல்தான் ஹைட்ரஜனாக்க வல்லது. அதற்கும் துணைப்பொருள் அவசியம்.

ஆக, ஒளியை நிறையப் பிடிப்பது, உயரத்துக்குத் தூக்குவது, தண்ணீரில் கெடாமலிருப்பது ஆகிய மூன்றும் ஒரே பொருளில் கூடி வரவில்லை. நல்ல கறவையும் நல்ல உழைப்பும் நோயைத் தாங்கும் வலிமையும் ஒரே மாட்டில் கூடுவது எவ்வளவு அரிதோ அவ்வளவு அரிது இதுவும்.

பச்சிலை எப்படிச் சமாளிக்கிறது

இந்த வேலையை நெற்பயிரின் ஒவ்வொரு தோகையும் தினந்தோறும் செய்கிறது. பகலில் இலை வெளிவிடும் பிராணவாயு கரியமில வாயுவிலிருந்து வருவதன்று, தண்ணீரைப் பிரித்ததனால் வருவது. மாங்கனீஸ் அணுக்கள் நான்கும் கால்ஸியம் அணு ஒன்றும் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு அதைச் செய்கிறது. ஒரே இழுப்பில் உயரத்தை எட்டாத சிவப்பொளியை இலை இரண்டு கட்டமாகப் பயன்படுத்துகிறது; முதல் சால் நடுத்தொட்டிக்கு இறைக்க, அங்கிருந்து இரண்டாவது சால் மேலே இறைப்பது போல.

அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. இலையின் பொருளும் வெயிலில் கெடவே செய்கிறது. நீரைப் பிரிக்கும் இடத்திலுள்ள ஒரு புரதம் கடும் வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை என்னுமளவுக்குச் சிதைகிறது. இலை அதைப் பிடுங்கியெறிந்து புதிதாகச் செய்து பொருத்திக்கொண்டே இருக்கிறது. கெடாத பொருளைத் தேடுவதில் மனிதன் படும் பாட்டை, கெட்டதைத் திருத்திக்கொள்வதால் இலை தவிர்த்துவிட்டது. இதன் செலவெல்லாம் போக, பயிர்க்காலம் முழுவதும் நிலத்தில் விழும் வெயிலில் 100-க்கு ஒரு பங்கைப் பயிர் உடலாகச் சேமிப்பதே சாதாரணமாக அரிது.

இரட்டை ஏற்றமும் காப்புப் பூச்சும்

இலையின் இரண்டு கட்ட முறையை விஞ்ஞானிகளும் மேற்கொண்டனர். 1998-ல் அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து ஆராய்ச்சிச்சாலையில் கஸேலெவ், டர்னர் என்ற இருவர், காலியமும் இண்டியமும் பாஸ்பரஸும் ஆர்ஸெனிக்கும் அடங்கிய குறைகடத்திகளை அடுக்கடுக்காக வைத்து, வெயிலின் சக்தியில் 100-க்கு 12.4 பங்கை ஹைட்ரஜனாக்கிக் காட்டினர். பச்சிலையைப் பன்மடங்கு மிஞ்சிய விளைச்சல்தான். ஆனால் 20 மணி நேரத்துக்குள்ளேயே விளைவு குறையத் தொடங்கியது. பொருள்களின் விலையோ வயலை நோக்கிப் பேசத்தக்கது அன்று.

2011-ல் மாஸசூஸெட்ஸில் நொஸேராவின் குழுவினர் ஸிலிக்கன் அடுக்குகளின் ஒரு புறம் கோபால்ட்டும் மறுபுறம் நிக்கல் கலந்த உலோகமும் பூசி, கம்பியின்றித் தண்ணீரில் போட்ட அளவில் குமிழி எழச்செய்து ‘செயற்கை இலை’ என்று பெயரிட்டனர். கிடைத்தது 100-க்கு 2.5 பங்கு.

2014-ல் காலிபோர்னியாவில் நடந்த பரிசோதனை ஒன்று இவ்வளவு ஆரவாரமின்றி நிகழ்ந்ததாயினும் அதைவிட முக்கியமானது என்று கருத இடமுண்டு. நீரில் கெடும் ஸிலிக்கன் முதலியவற்றின்மேல் மிக மெல்லிய டைட்டேனியம் டையாக்ஸைடுப் பூச்சை ஏற்றியபோது அவை 100 மணிக்கு மேல் கெடாமல் உழைத்தன. ஒளியைப் பிடிப்பதில் தோற்ற பழைய வெள்ளைப் பொருள் காப்புப் பூச்சாகத் திரும்பி வந்தது. மரச்சாமான்களுக்குத் தார் பூசிச் செல்லரிக்காமல் காப்பதை இது ஒத்தது. என்றாலும் 100 மணி என்பது ஒன்பது பத்து நாள் வெயில்தான்.

நிலத்தில் விரித்துப் பார்த்த கணக்கு

மற்றொரு வழி, விலையுயர்ந்த அடுக்குகளை விட்டு, மலிவான பொடியைத் தகட்டில் பூசித் தண்ணீருக்குள் வெயில் காட்டுவது. டைட்டேனியத்தின் உறவுப் பொருளான ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்னும் பொடி இதற்கு ஏற்றதென்று 1980-லேயே கண்டனர். ஜப்பானியரான கஸுனாரி டோமென் குழுவினர் அதையே பல வருஷம் திருத்தி வந்தனர். அதில் சிறிது அலுமினியம் கலந்து, எலக்ட்ரான் வெளியேறும் முகத்தில் ஓர் உலோகத்தையும் குழி வெளியேறும் முகத்தில் வேறோர் உலோகத்தையும் பொருத்தி, இரண்டும் வழியில் சந்திக்காதபடி தனித்தனி வாயில் அமைத்தனர். 2020-ல் வெளியான முடிவின்படி, ஊதாக் கடந்த கிரணத்தில் அப்பொடி ஏற்ற ஒளியில் 100-க்கு 96 வரை வீணாகாமல் வேலை செய்தது. ஏற்றதை வீணாக்காமல் செய்வதில் இதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் வெயிலின் பெரும்பகுதியை அது ஏற்பதே இல்லை என்ற பழைய குறை நீங்கவில்லை.

அப்பொடியைப் பூசிய 1,600 சிறு தட்டுகளை இணைத்து, 100 சதுர மீட்டர் பரப்பில் திறந்த வெளியில் விரித்து, சில மாத காலம் நடத்திப் பார்த்த விவரம் 2021-ல் வெளியாயிற்று. இத்துறையில் வயல் பரிசோதனை என்று சொல்லத்தக்கது இது. 100 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். கிடைத்த உச்ச அளவு 100-க்கு 0.76 பங்கு.

இதை விவசாயக் கணக்காக மாற்றினால் நிலைமை தெளிவாகும். தமிழ்நாட்டு வெயிலில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் சக்தி விழுகிறது. இரண்டரை சென்ட் பரப்பில் 0.76 பங்கு விளைவு என்றால் நாளைக்கு 115 கிராம் ஹைட்ரஜன். ஒரு மூட்டை யூரியாவுக்கு வேண்டிய நாலரைக் கிலோ சேர 39 நாள் செல்லும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இடுபவருக்கு ஏறத்தாழ மூன்று மூட்டை வேண்டும். அதற்கு நாலு மாத வெயில், அதாவது ஒரு நெற்பயிரின் காலம் முழுவதும் ஆகும். ஆராய்ச்சியாளர் பொதுவாக இலக்காகக் கொண்டிருப்பது 100-க்கு 10 பங்கு. அதை எட்டினால் அதே இரண்டரை சென்ட்டில் மூன்று நாளில் ஒரு மூட்டைக்கு வேண்டிய ஹைட்ரஜன் கிடைக்கும்.

அந்த இலக்குக்கு அருகில் 2023-ல் மிச்சிகன் சர்வகலாசாலையார் வந்தனர். இண்டியமும் காலியமும் நைட்ரஜனும் சேர்ந்த நுண்கம்பிகளை ஸிலிக்கன் தகட்டின்மேல் வளர்த்து, குவிந்த ஒளியால் தண்ணீரைச் சுமார் 70 டிகிரி வரை சூடேற விட்டு, ஆராய்ச்சிச்சாலையில் 9.2 பங்கும் வெளி வெயிலில் 6.2 பங்கும் பெற்றனர். வேலைக்கு உதவாத வெப்பக் கிரணத்தைச் சூடேற்றப் பயன்படுத்திக்கொண்டது நல்ல யுக்தி. ஆனால் ஒளியைக் குவிக்க வில்லையும், அதைச் சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கும் அமைப்பும் வேண்டும். மேகமூட்டமான நாளில் குவிப்பதற்கு ஒளி கிடையாது.

இப்போது கையில் உள்ள வழி

சாதாரணச் சூரியப் பலகையில் மின்சாரம் எடுத்து, அதைத் தனியே நின்று நீரைப் பிரிக்கும் இயந்திரத்துக்குக் கொடுப்பதே இன்று நடைமுறையில் உள்ளது. பலகை வெயிலில் 100-க்கு 20 பங்கை மின்சாரமாக்குகிறது. இயந்திரம் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் எடுத்துக்கொள்ளுகிறது. சேதம் போக, இரண்டரை சென்ட் பலகையிலிருந்து நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். ஆராய்ச்சியாளர் ஒற்றைத் தகட்டுக்கு வைத்த இலக்கை இந்த இரட்டை ஏற்பாடு ஏற்கெனவே எட்டியிருக்கிறது. பலகை நீரைத் தொடாமல் கண்ணாடிக்குள் உலர்ந்திருப்பதால் 25 வருஷம் உழைக்கிறது. தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் 2025-ல் தொடங்கிய சிறு நிலையமும், 2030-க்குள் வருஷத்துக்கு 50 லக்ஷம் டன் என்ற இலக்கோடு இந்திய அரசாங்கம் 2023 ஜனவரியில் அங்கீகரித்த பசுமை ஹைட்ரஜன் திட்டமும் மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் முறையையே முக்கியமாக நம்பியிருக்கின்றன. வெயிலை நேராக ஏற்று நீரைப் பிரிக்கும் தகடு கடைச்சரக்காக இன்னும் வரவில்லை. அதன் மேல் ஆராய்ச்சியாளருக்குள்ள நம்பிக்கை, சுவருக்கு வர்ணம் பூசுவது போல மலிவாகப் பூசி விரிக்கக்கூடிய நாள் வரும் என்பதே.

உரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூரியாவுக்கு அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது அது கூடவே கிடைக்கிறது; தண்ணீரிலிருந்து எடுக்கும்போது கிடைப்பதில்லை. ஆகவே தண்ணீர் ஹைட்ரஜன் முதலில் அம்மோனியம் ஸல்பேட், அம்மோனியம் பாஸ்பேட், கலப்பு உரங்கள் ஆகியவற்றின் வழியாகவே வயலுக்கு வரக்கூடும். நங்கலில் யூரியா அன்றி நைட்ரேட் உரம் செய்ததைக் குறித்துக்கொள்க. முன்காலத்தில் அம்மோனியம் ஸல்பேட் இட்டுப் பழகிய குடும்பத்தார்க்கு இது புதிதாயிராது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

பசுமை ஹைட்ரஜன் என்னும் பேரைச் சொல்லி நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியவை சிலவே: சதுர மீட்டருக்கு நாளைக்கு எத்தனை கிராம், அந்த அளவு தொடர்ந்து எத்தனை மாதம் திறந்த வெளியில் கிடைத்தது, தகட்டில் காட்மியமோ வேறு விஷ உலோகமோ உண்டா, உண்டெனில் உடைந்த தகட்டை அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு, தண்ணீர் எங்கிருந்து. தண்ணீரின் அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மூட்டைக்கு 40 லிட்டர் என்பது ஒரு வரப்பு நெல்லுக்குப் பாயும் நீருக்கு ஈடாகாது. தகட்டைக் கழுவும் நீரும், உவர்க் கிணற்று நீரைச் சுத்தி செய்தபின் எஞ்சும் உப்பு நீரும் எங்கே விடப்படும் என்பதையே விசாரிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 15, 20 கிராமுக்கு மேல் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசுவதற்கு முன் விஷயமறிந்தவரின் யோசனை கேட்பது நலம்.

ஆயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பெட்டியைப் பொருத்தினால் எண்ணெய்ச் செலவு பாதியாகும், தண்ணீரே எரியும் என்று சொல்லி விற்பவர் வேறு வகையினர். அப்பெட்டியில் வெயில் வேலை செய்வதில்லை. எஞ்சினே சுழற்றும் மின்சாரத்தால் நீர் பிரிகிறது. அந்த மின்சாரம் எஞ்சின் குடித்த எண்ணெயிலிருந்து வந்தது. சாம்பலை விறகாக்க ஒரு கட்டு விறகை எரித்து, கிடைத்த கால் கட்டை லாபமென்று காட்டும் வித்தை இது. பணம் போவதோடு ஆபத்தும் உண்டு. அப்பெட்டி ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் கலந்தே வெளிவிடுகிறது. காற்றில் ஹைட்ரஜன் 100-க்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை கலந்திருக்கும் எந்த அளவிலும் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பெட்டியிலிருந்து வரும் கலவையோ அதனினும் கடுமையாக வெடிக்கும். ஹைட்ரஜனுக்கு வாசனையில்லை, பகலில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுமில்லை. ஜப்பானியரின் 1,600 தட்டுகளிலும் வாயு கலந்தே வந்ததால், தண்ணீர் அடுக்கை மிக மெல்லியதாக வைத்து, சவ்வுக் குழாய்களால் ஹைட்ரஜனைப் பிரித்து, வேண்டுமென்றே பற்றவைத்துப் பார்த்தும் சோதித்தனர். பம்பு செட்டுக் கொட்டகையில் அத்தகைய ஏற்பாடு எதுவும் கிடையாது. ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானதாகையால் ஓட்டுக் கூரையின் உச்சியில் தங்கும். சுவிட்சு பெரும்பாலும் கூரைக்கருகிலேயே இருக்கிறது. எவரேனும் அத்தகைய பெட்டியை ஏற்கெனவே பொருத்தியிருந்தால், கொட்டகையின் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, கூரையின் முகட்டில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டு, நெடுநேரம் காற்றாட விட்டபின்பே பெட்டியைக் கழற்றுக. அதுவரையில் அங்கே பீடி, தீக்குச்சி ஆகாது, சுவிட்சையும் தொடலாகாது.